நியூ லுக் காலத்து உடை வாங்கப் போகிறீர்களா? முதலில் உள்பக்கத்தைப் புரட்டுங்கள்

பழைய டிசைனர் உடை வாங்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் தேடுவது லேபிளை. விவரம் தெரிந்தவர்கள் அதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். லேபிளைப் பத்து நிமிடத்தில் பிரித்து இன்னோர் உடையில் தைத்துவிடலாம். உள்ளே இருக்கும் தையலை அப்படி மாற்ற முடியாது. 1947-க்கும் 1957-க்கும் இடையே, "நியூ லுக்" என்று பெயர் பெற்ற பாணியின் காலத்தில், பாரிஸில் டியோர், பால்மான், ஃபாத் போன்ற உடை வடிவமைப்பாளர்களின் கைவேலைப் பட்டறைகளிலிருந்து வந்த உடைகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அந்த உடைகள் உடம்பின் வடிவத்தைப் பின்பற்றுவதில்லை. உள்ளே ஒரு கூட்டைக் கட்டி, அதன்மேல் துணியை நிறுத்தியிருப்பார்கள். கூடு சரியாக இருந்தால் உடை நிற்கும். கூடு போனால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வெறும் துணிதான்.

அந்தக் காலத்து உடை ஒன்றை முதன்முறையாகப் பார்த்து, வாங்கி, உடுத்தி, வைத்துக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

காலத்தைப் பற்றித் தெரிய வேண்டிய அளவு

போர்க்காலம் துணிப்பஞ்சக் காலம். பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடைக்கு ரேஷன் இருந்தது. அரசு வரையறைப்படி தைத்த உடைகளில் சிசி41 என்ற முத்திரை இருக்கும். அது 1952 வரை நீடித்தது. அமெரிக்காவில் 1942-ல் வந்த எல்-85 ஆணை பாவாடைச் சுற்றளவுக்கும் கீழ் மடிப்புக்கும் உச்சவரம்பு வைத்தது. அதனால் 1940-களின் முற்பாதி உடை சதுரத் தோளும் ஒடுங்கிய பாவாடையுமாக முழங்காலருகே முடிந்துவிடும்.

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸ் அவென்யூ மோந்தேன் 30-ஆம் எண் கட்டடத்தில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். பணம் போட்டவர் ஜவுளி அதிபர் மார்செல் புசாக். துணியை அள்ளிச் செலவழிக்கும் பாணி ஜவுளிக்காரரின் பணத்தில் பிறந்ததில் வியப்பில்லை. ஹார்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ வாயில் வந்த "நியூ லுக்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. சரிந்த தோள், எடுப்பான மார்பு, இறுக்கிய இடுப்பு, அதற்குக் கீழே பஞ்சு வைத்து அகட்டிய இடுப்பெலும்புப் பகுதி, கெண்டைக்கால்வரை தொங்கும் அகலப் பாவாடை. பட்டு மேற்சட்டையும் கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடையும் கொண்ட "பார்" சூட்தான் இந்தப் பாணிக்கு எல்லாரும் காட்டும் முகம்.

பத்தாண்டும் ஒரே வடிவமாக ஓடவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 1953 இலையுதிர்காலத்தில் டியோர் பாவாடையை உயர்த்தினார். 1954 கடைசியில் இடுப்பை விட்டுவிட்டு நேராக இறங்கும் ஹெச் லைன், 1955 வசந்தத்தில் ஏ லைன், அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒய் லைன். 1954 பிப்ரவரியில் மீண்டும் கடை திறந்த வடிவமைப்பாளர் ஷனேல் இந்தக் கூடுகட்டும் வேலையையே எதிர்த்தார். 1957 அக்டோபரில் டியோர் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த 21 வயது இவ் சான் லோரான் 1958 ஜனவரியில் காட்டிய "டிரபீஸ்" தொகுப்பில் இடுப்பு காணாமலே போனது. ஆகவே இறுகிய இடுப்பும் அகலப் பாவாடையும் இல்லை என்பதற்காக "இது அந்தக் காலத்து டியோர் இல்லை" என்று ஒதுக்காதீர்கள். இருக்கிறது என்பதற்காக நம்பியும் விடாதீர்கள்.

படி 1: உடையை உள்புறமாகத் திருப்புங்கள்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து உடையை அதன்மேல் கிடத்துங்கள். ஜிப்பை முழுதாகத் திறங்கள். பிறகு பாவாடையின் கீழ் ஓரத்திலிருந்து மெல்லப் புரட்டுங்கள். தோளைப் பிடித்து இழுத்துத் திருப்பினால் கைக்குழித் தையல் பிரியும். பழைய உடையில் முதலில் நைந்து போகிற இடம் அதுதான்.

உயர்தரக் கைவேலை உடையில் மார்புப் பகுதிக்குள் தனியாக ஓர் உள்கச்சை இருக்கும். மெல்லிய வலைத்துணி அல்லது பருத்தியில் தைத்து, நெடுக்கில் போனிங் கம்பிகளை (துணியை விறைப்பாக நிறுத்தும் மெல்லிய கம்பிகள்) செருகியிருப்பார்கள். அது வெளித்துணியோடு சில இடங்களில் மட்டும் பிடித்திருக்கும். மற்ற இடங்களில் விலகி நிற்கும். உடம்பின் இழுவையை உள்கச்சை வாங்கிக்கொள்ள, வெளித்துணி இழுபடாமல் அதன்மேல் கிடக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. பாவாடைக்கு அடியில் வலைத்துணி அடுக்குகள் இருக்கலாம். இடுப்பெலும்புப் பகுதியில் பஞ்சுத் திண்டு இருக்கலாம்.

இப்போது இடுப்புக்கோட்டுக்கு வாருங்கள். உள்ளே சுமார் இரண்டரை செ.மீ. அகலத்தில் வரிவரியான கெட்டி நாடா ஒன்று ஓடும். சில இடங்களில் மட்டும் தையலோடு பிடித்து, மற்ற இடங்களில் தொங்கலாக விட்டிருப்பார்கள். முனைகளில் கொக்கியும் கண்ணியும் இருக்கும். அலட்சியமாகப் பார்த்தால் ஏதோ மிச்ச நாடா என்று தோன்றும். உண்மையில் மொத்தப் பாவாடையின் எடையும் தொங்குவது இதில்தான். கொக்கி இரண்டையும் போட்டு விரலால் இழுத்துப் பாருங்கள். நாடா நெகிழ்ந்து கொடுத்தாலோ, வெட்டியெடுத்த தடம் தெரிந்தாலோ, அந்த உடையின் எடை பல ஆண்டாக ஜிப்பிலும் இடுப்புத் தையலிலும் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இடுப்புத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகள் நீண்டு கிழிசலாகத் தொடங்கியிருக்கும்.

அடுத்து, தையலுக்கு உள்ளே விட்ட துணியின் அகலம். தொழிற்சாலை உடையில் அது ஒன்று, ஒன்றரை செ.மீ.தான். கைவேலை உடையில் பக்கத்தையல்களில் மூன்று, நான்கு செ.மீ. விட்டிருப்பதைக் காணலாம், வாடிக்கையாளரின் உடம்பு மாறினால் பிரித்துவிட வேண்டுமே. ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்திருப்பார்கள். தையல் இடைவெளி இயந்திரம்போல ஒரே அளவில் இராது. ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிய கத்தரிப்பல் வெட்டு இருந்தால் நடுத்தர ஆயத்த உடையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது குறையில்லை, ரகம் வேறு. எல்லா ஓரமும் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் இயந்திரம் சுற்றிப் போடும் தையல்) அடித்திருந்தால் பெரும்பாலும் 1960-களுக்குப் பிந்திய தொழிற்சாலை வேலை, அல்லது பிறகு யாரோ கைவைத்தது.

படி 2: ஜிப், சீட்டு ஆகியவற்றால் காலம் கணிப்பது

ஒரே அடையாளத்தை வைத்துக் காலம் சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும்.

ஜிப்: இந்தப் பத்தாண்டில் உலோகப் பல் ஜிப்தான். 1940-களில் இடப்பக்க இடுப்பில் இருப்பது வழக்கம். 1950-கள் போகப்போக முதுகுப்பக்கம் பெருகுகிறது. நைலான் சுருள் ஜிப் 1960-களில்தான் பரவியது. நைலான் ஜிப் இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம், மாற்றியிருக்கலாம். ஜிப் பட்டையின் ஓரத்தில் பழைய ஊசித்துளை வரிசை ஒன்று வெறுமையாக ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் மாற்றியதுதான்.

இழைச் சீட்டு: அமெரிக்காவில் விற்ற உடையில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்று எழுதியிருந்தால், 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பளி மட்டும் விலக்கு. அதற்கு முன்பே தனிச்சட்டம் இருந்தது. எப்படித் துவைப்பது என்று சொல்லும் சீட்டு அமெரிக்காவில் 1972-லிருந்துதான் கட்டாயம். "ஆர்என்" என்ற எழுத்தோடு பதிவெண் இருந்தால் எண்ணைப் பாருங்கள்: 13670-உம் அதற்கு மேலும் 1959-க்கு முன் வழங்கப்படவில்லை.

தொழிற்சங்கச் சீட்டு: அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கச் சீட்டு சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருந்தால் அது 1974-க்குப் பிறகு. "ஐம்பதுகளின் அசல்" என்று விற்கும் உடையில் அந்த மூவண்ணச் சீட்டைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது 1980-களின் மறுபதிப்பில். அந்தப் பத்தாண்டிலும் இறுகிய இடுப்பும் அகலப் பாவாடையுமாக உடைகள் வந்தன. தோளில் தடித்த பஞ்சுப்பட்டை, பாலியஸ்டர் டஃபேட்டா (விறைப்பான, மினுங்கும் துணி), நைலான் ஜிப், ஓவர்லாக், துவைப்புச் சீட்டு என்று ஐந்தும் சேர்ந்து வரும். படத்தில் தெரியாது, கையில் தெரியும். பாலியஸ்டர் டஃபேட்டாவைக் கசக்கிவிட்டால் உடனே நிமிரும். பட்டு டஃபேட்டா மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், சலசலக்கும்.

படி 3: துணி எது?

"டியோர் என்றால் பட்டு" என்ற நினைப்போடு போகாதீர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் "செமீர்" என்ற டியோர் உடை இருக்கிறது. 1954 ஹெச் லைன் தொகுப்பைச் சேர்ந்த வடிவம். அதன் துணி அசிடேட் சாட்டின். அந்தக் காலத்தில் செயற்கை இழை புதுமைப் பொருள், மலிவுச் சரக்கு இல்லை.

இழை தெரியாமல் கறை எடுக்கப் போவது ஆபத்து. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு பட்டாலும் அசிடேட் கரைந்து ஓட்டையாகிவிடும். பிளீச்சிங் திரவம் பட்டையும் கம்பளியையும் தின்றுவிடும்.

உடை உங்களுடையதாக இருந்தால் மட்டும் எரித்துப் பார்க்கலாம். உள்ளே விட்ட துணியிலிருந்து பாவு இழை ஒன்று, ஊடை இழை ஒன்று, இரண்டு செ.மீ. நீளத்துக்கு உருவுங்கள். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஏனென்றால் பட்டுப் பாவில் ரேயான் ஊடை நெய்த துணிகள் அக்காலத்தில் சகஜம். எஃகுத் தட்டின்மேல், சாமணத்தில் பிடித்து, தீயை மெல்லக் கிட்டக் கொண்டுபோங்கள்.

மயிர் கருகும் நாற்றம், விரலில் பொடியும் கரிய உருண்டை என்றால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் மணம், லேசான சாம்பல் என்றால் பருத்தி அல்லது ரேயான். வினிகர்ப் புளிப்பு வாடை, கெட்டி உருண்டை என்றால் அசிடேட். உருகிச் சுருண்டு, நசுக்க முடியாத மணியாக நின்றால் நைலான் அல்லது பாலியஸ்டர்.

படி 4: அளவெடுப்பது

சீட்டில் இருக்கும் சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். அன்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றல்ல. அன்றைய 12 இன்றைய 12-ஐ விட மிகச் சிறியது. டேப்தான் பேச வேண்டும்.

ஜிப்பை மூடி, உடையைத் தட்டையாகக் கிடத்தி, கைக்குழியிலிருந்து கைக்குழி, இடுப்புக்கோடு, அகன்ற இடுப்பு (இடுப்பெலும்புப் பகுதி), முதுகுக் குறுக்களவு, தோளிலிருந்து இடுப்புவரை நீளம் ஆகியவற்றை எடுங்கள். குறுக்களவுகளை இரட்டித்தால் சுற்றளவு. உங்கள் உடம்பளவைவிட மார்பில் 5 செ.மீ., இடுப்பில் 2 அல்லது 3 செ.மீ., அகன்ற இடுப்பில் 5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பழைய துணிக்கு நெகிழ்ச்சி இல்லை. மூச்சு விடவும் உட்காரவும் இடம் வேண்டும்.

உள்நாடா இருந்தால் அதன் அளவே இடுப்பளவு. கொக்கியிலிருந்து கண்ணிவரை அளங்கள். வெளித்துணி 66 செ.மீ. காட்டலாம், நாடா 62 காட்டலாம். 62 என்றே எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் வெளியளவைத்தான் சொல்வார்கள். ஆகவே நாடாவின் அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

"உள்ளே துணி இருக்கிறதே, பிரித்துக்கொள்ளலாம்" என்பது பாதி உண்மை. சாட்டினிலும் டஃபேட்டாவிலும் பழைய ஊசித்துளை மறையாது. வெயில் படாமல் உள்ளே இருந்த துணிக்கீற்று மட்டும் கருமையாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோடு.

படி 5: இப்போது லேபிள்

1950-களின் டியோர் பாரிஸ் உடையில் வெளிர் நிற நாடாவில் பெயர், ஊர், கீழே பருவமும் ஆண்டும் நெய்திருக்கும்: "வசந்தம்-கோடை" அல்லது "இலையுதிர்-குளிர்" என்பதன் பிரெஞ்சு வடிவம். உடையைக் குறிக்கும் எண் ஒன்று மையில் இருக்கும். லேபிளில் உள்ள ஆண்டும் ஜிப்பும் வடிவமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவா என்று பாருங்கள்.

லண்டன், நியூயார்க் என்று இருந்தால் போலி என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் 1948-லும் லண்டனில் 1950-களிலும் டியோர் தனிக் கிளை நிறுவனங்கள் வைத்திருந்தார். அங்கே தைத்த உடைகள் அவை. இதைத் தவிர, பெரிய கடைகள் பாரிஸில் ஒரு மாதிரியைக் காசு கொடுத்து வாங்கி, உரிமையோடு நகலெடுத்துத் தங்கள் பெயரும் டியோர் பெயரும் சேர்த்துப் போட்டு விற்றன. அது முறையான வியாபாரம். ஆனால் பாரிஸ் பட்டறை உடையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

லேபிள் மாற்றியதா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். லேபிளைப் பிடித்திருக்கும் நூலும் பக்கத்து லைனிங் நூலும் ஒரே வயதா? லேபிளின் அடியில் எட்டிப் பார்த்தால் மூடியிருந்த லைனிங், சுற்றியுள்ளதைவிடப் புதுநிறமாக இருக்கிறதா? அதுதான் இயல்பு, இரண்டும் ஒரே பழுப்பு என்றால் லேபிள் நேற்று வந்தது. கடைசியாக, இருட்டில் புறஊதா விளக்கு அடியுங்கள். இன்றைய வெள்ளை பாலியஸ்டர் நூல் நீலமாகப் பளீரிடும். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டியாலும் பளபளப்பு வரும் என்பதால், மொத்த உடையும் ஒளிர்கிறதா, அந்த நான்கு தையல் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள்.

முதல் உடையாக லேபிள் இல்லாத ஒன்றையே வாங்கச் சொல்வோம். அக்காலத்து நல்ல தையல்காரர் தைத்த பெயரில்லா உடை, கந்தலான பெரிய பெயரைவிட அதிகம் கற்றுக் கொடுக்கும். பிழை செய்தாலும் வயிறு எரியாது. பெயருள்ளதைத்தான் வாங்குவேன் என்பவர்கள், லண்டனில் கெர்ரி டெய்லர் போன்று உடைகளுக்கென்றே இருக்கும் ஏலக்கூடங்களைப் பாருங்கள். ஏலத்துக்கு முன் எழுத்தில் நிலைமைக் குறிப்புக் கேளுங்கள். இணையத்தில் என்றால் இந்தப் படங்களைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்: உள்பக்கம் முழுதும், கைக்குழி இரண்டும் உள்ளும் புறமும், இடுப்பு நாடா, ஜிப்பின் மேல்முனையும் கீழ்முனையும், லேபிளின் ஓரத் தையல், சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த பாவாடை. கடைசிப் படத்தில்தான் அந்து அரித்த பொடித்துளைகள் நட்சத்திரம்போலத் தெரியும்.

படி 6: சுத்தம் செய்வதா, விடுவதா

வந்தவுடன் துவைக்கத் தோன்றும். கையை அடக்குங்கள். முதலில் தூசி எடுங்கள்: வேக்யூம் குழாய் வாயில் நைலான் வலை கட்டி, மிகக் குறைந்த இழுவிசையில், துணியைத் தொடாமல் நகர்த்துங்கள்.

பிறகு கைக்குழி. வியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கின்றன. காலப்போக்கில் அவை பட்டு இழையை உளுத்துப்போக வைத்து, சாயத்தையும் மாற்றிவிடுகின்றன. பெட்ரோல் வகைக் கரைப்பானில் செய்யும் டிரை கிளீனிங் எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும். வியர்வையும் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை, அங்கேயே இருந்துவிடும். இஸ்திரிச் சூடு பட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பானக் கறை பழுப்பாகக் கிளம்புவது இதனால்தான். கடைக்காரர் கெடுத்துவிட்டதாக உடையைக் கொடுத்தவர்கள் சண்டை போடுவார்கள். கறை அறுபது ஆண்டாக அங்கேதான் இருந்திருக்கும்.

தண்ணீரே படக்கூடாதவை: ரேயான் க்ரேப் (நனைந்தால் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடும்), டஃபேட்டா, வெல்வெட், உள்கச்சை வைத்த உடை எதுவும், ஜிகினா தைத்தது. பழைய ஜிகினாவில் ஜெலட்டினால் செய்ததும் உண்டு. வெந்நீரில் கரைந்தே போகும். சில பிளாஸ்டிக் ஜிகினா டிரை கிளீனிங்கில் சுருண்டுவிடும். இவற்றையும், பெரிய பெயர் உள்ள எதையும், துணிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டாமல் தொட வேண்டாம்.

துவைக்கத் தேறுவது உறுதியான பருத்தி உடையும் நைலான் உடையும். அவற்றுக்கும் சாயச் சோதனை முதலில். ஈரப் பஞ்சை உள்தையலில் ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். பிறகு சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் மறுபடி. துளி நிறம் ஏறினாலும் நிறுத்திவிடுங்கள். மெட்ராஸ் கட்டம் போட்ட அமெரிக்க உடை என்றால் இன்னும் கவனம்; சாயம் கரைவதையே பெருமையாகச் சொல்லி அங்கே விற்ற துணி அது.

சாயம் இறங்காமல் நின்றால், 10 லிட்டர் வெதுவெதுப்பான மென்னீருக்கு ஒரு தேக்கரண்டி நடுநிலைச் சலவைத் திரவம். பித்தான்களையும் இடைவாரையும் முன்பே கழற்றிவிடுங்கள். உடையை வலைத்துணியின்மேல் கிடத்தி இறக்குங்கள். கசக்காதீர்கள், முறுக்காதீர்கள், பஞ்சுத் திண்டால் ஒற்றி ஒற்றி 15 நிமிடம். நுரை வருவது நிற்கும்வரை நான்கைந்து முறை நல்ல தண்ணீர். எடுக்கும்போது வலையோடு சேர்த்துத் தூக்குங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் அகலப் பாவாடை குடித்த தண்ணீரின் எடை அத்தனையும் தோள் தையலில் விழும். ஒரே இழுப்பில் பிரிந்துவிடும். நிழலில், வெள்ளைத் துண்டின்மேல், மின்விசிறிக் காற்றில் உலரட்டும்.

படி 7: பழுது பார்ப்பது

தையல் நூல் துணியைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். இழுவை வந்தால் நூல்தான் அறுந்து போக வேண்டும், துணி இல்லை. பழைய பட்டில் பாலியஸ்டர் நூல் போட்டால் அது கம்பிபோல நின்று துணியை அறுத்துவிடும். மெல்லிய பட்டு நூலும் மிக நுண்ணிய ஊசியும் போதும். கிழிசலுக்கு அடியில் அதே நிற மெல்லிய பட்டுத் துணியை வைத்து, சுற்றிலும் நல்ல துணி இருக்கும் இடம்வரை நீட்டி, நெருக்கமில்லாமல் தையல் போடுங்கள். இஸ்திரியால் ஒட்டும் பசைத்துணி வேண்டவே வேண்டாம்; பசை மஞ்சளாகி வெளியே கசியும், பிறகு எடுக்க முடியாது.

ஜிப் சிக்கினால் இழுக்காதீர்கள். பல்லில் தேன்மெழுகோ வெள்ளை மெழுகுவத்தியோ தேய்த்து, மேலும் கீழும் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். எண்ணெய் துணியில் ஊறும். பென்சில் கரி வேலை செய்யும், ஆனால் வெளிர்நிற உடையில் கறுப்பு ஏறும். பித்தளைப் பல்லில் பச்சைப் பூசணம் போன்ற களிம்பு இருந்தால் முதலில் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள்.

படி 8: உடுத்துவது

பக்க ஜிப் உள்ள உடையைத் தலைவழியாகத்தான் போட வேண்டும். முகத்தில் மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டால் ஒப்பனை ஒட்டாது. போட்டதும் கை நேராக ஜிப்புக்குப் போகும். போகவிடாதீர்கள். உள்கச்சைக் கொக்கிகள் முதலில், பிறகு இடுப்பு நாடா, கடைசியில் ஜிப். நாடா மாட்டியதும் உடை இடுப்பில் அமர்ந்து நிற்பது தெரியும். ஜிப்பின் இரு ஓரமும் தாமாகக் கிட்ட வந்துவிடும், இரண்டு விரலால் ஏற்றலாம். ஏற்ற பலம் தேவைப்பட்டால் உடை உங்களுக்குச் சிறியது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

கைக்குழியில் பிரித்தெடுத்துத் துவைக்கக்கூடிய பருத்தி வியர்வைப் பட்டை தையுங்கள். வாசனைத் தைலத்தை உடுத்துவதற்கு அரைமணி நேரம் முன்பே போட்டு உலரவிடுங்கள். காரில் உட்காரும்போது பாவாடையை மேலே திரட்டிக்கொள்ளுங்கள்; மடிப்பின்மேல் உட்கார்ந்தால் டஃபேட்டா அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

படி 9: பெட்டியில் வைப்பது

கிராஸ் கட்டிங் உடை (துணியைச் சாய்வாக வெட்டித் தைத்தது), மணிவேலை உடை, கனத்த பாவாடை உடை ஆகியவற்றைத் தொங்கவிடாதீர்கள். தம் எடையாலேயே நீளும். மற்றவற்றுக்குப் பஞ்சு சுற்றிய அகல ஹேங்கர், அதோடு இடுப்பு நாடாவிலிருந்து ஹேங்கருக்குப் பருத்தி நாடாச் சுருக்கு இரண்டு. தோளின் சுமையை இடுப்பு பகிர்ந்துகொள்ளும். டிரை கிளீனிங் கடையின் பாலிதீன் உறையை வீட்டுக்கு வந்ததும் எறிந்துவிடுங்கள். ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும் வில்லன் அது. மாவு போகத் துவைத்த காடாத்துணியில் உறை தைத்துக்கொள்வதே நல்லது. பாரிஸ் பட்டறைகளில் பட்டுத் துணியை வெட்டுமுன் மாதிரி தைத்துப் பார்த்ததும் இதே வகைத் துணியில்தான்.

பெட்டி என்றால் அமிலமில்லாத காகிதம் விரித்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அதே காகிதத்தை உருளையாகச் சுருட்டி வையுங்கள். மடிப்பு கூர்மையாகக் கூடாது. கைகளிலும் மார்பிலும் லேசாக அடையுங்கள். பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்பவர்களுக்கு இதன் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்துருண்டையை உடையோடு போடாதீர்கள். வாடை போகாது, பழைய பிளாஸ்டிக் பித்தானையும் ஜிகினாவையும் அது இளக்கும். வேப்பிலையும் துணியில் நேராகப் பட்டால் கறைதான். அந்து சந்தேகம் இருந்தால் கம்பளி உடையைக் காகிதம் சுற்றி, காற்று நீக்கி மூடிய பையில், மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லையேல் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். மணிவேலை உடைக்கு இந்த முறை வேண்டாம்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குப் பூச்சியைவிடப் பூஞ்சணம் பெரிய எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்து, 65 விழுக்காட்டைத் தாண்டினால் சிலிக்கா பொட்டலங்களை மாற்றுங்கள். பெட்டியின் மூடியில் உடையின் அளவுகள், இழை, கைக்குழியின் நிலை, கடைசியாகத் திறந்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஈரத்தில் இறங்கும்.